சார்ஜ் எத்தனை மணிக்கு நிற்கிறது?

சோலார் பேட்டரிக் கோளாறு என்று போனில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்போடுதான் கூப்பிடுகிறார்கள். "பேட்டரி போயிருச்சு அண்ணாச்சி, புதுசு என்ன விலை?" என்பார்கள். சார்ஜ் ஏறுகிறது, திடீரென்று விழுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி ஏறுகிறது. டிஸ்பிளேயில் ஆம்பியர் ஓரிடத்தில் நிற்பதில்லை. பார்க்கிறவருக்குப் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். நான் விலை சொல்வதில்லை. "எத்தனை மணிக்கு நிக்குது?" என்று கேட்பேன்.

காலையில் நிற்கும் சார்ஜுக்கும் உச்சிவெயிலில் நிற்கும் சார்ஜுக்கும் காரணம் வேறு. மூன்று மணிக்கு நிற்பது இன்னொன்று. பேட்டரி நிறையப்போகிற நேரத்தில் மட்டும் நிற்பது மற்றொன்று. நேரம் சரியாகத் தெரிந்தால், வீட்டுக்குப் போகும் முன்பே எந்த இடத்தில் மீட்டரை வைக்கவேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

நான் தொழில் பழகியது கோவில்பட்டியில், ஒரு லாரி பேட்டரிக் கடையில். ஆசிட், ஈயம், ஹைட்ரோமீட்டர், இவற்றோடுதான் பொழுது போகும். 2012-இல் மின்வெட்டு தமிழ்நாட்டை வாட்டி எடுத்தது. பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் டியூப்ளர் பேட்டரியும் நுழைந்தது அப்போதுதான். பிறகு அதே பேட்டரிக்கு மொட்டை மாடியிலிருந்து இரண்டு பேனலை இறக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்படித்தான் நான் சோலாருக்கு வந்தேன். 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் ஊரெங்கும் பேனல் ஏறியது. ஆனால் பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மீது மாடிக் கரண்ட் பாயாமலிருக்க அப்படித்தான் நின்றாக வேண்டும். இதை மாட்டிய பிறகு தெரிந்துகொண்ட பலர் இப்போது ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்குகிறார்கள். கோளாறுகளும் கூடவே வருகின்றன.

மாடியிலிருந்து பேட்டரிக்கு வரும் கரண்டின் பாதை நாம் நினைப்பதைவிட நீளம். பேனல், எம்.சி.4 கனெக்டர், டி.சி. பெட்டி, சார்ஜ் கன்ட்ரோலர், பிரேக்கர், கேபிள், அதன் நுனியில் அழுத்திய லக், கடைசியில் பேட்டரி முனை. இதில் முடிவெடுப்பது கன்ட்ரோலர். 48 வோல்ட் ஈய பேட்டரி என்றால், வோல்டேஜ் 57.6 ஆகும்வரை கிடைக்கிற கரண்டையெல்லாம் தள்ளும். 57.6 ஆனதும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டை மெல்லக் குறைக்கும். கடைசியில் 54, 55 வோல்ட்டுக்கு இறங்கி, நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்கும். தனி உணர்வுக் கம்பி இல்லாத கன்ட்ரோலருக்குத் தன் முனையில் தெரியும் வோல்டேஜ்தான் பேட்டரி வோல்டேஜ். நடுவில் எங்காவது வோல்டேஜ் தொலைந்தால், அது பேட்டரியைத் தவறாகப் புரிந்துகொள்ளும்.

இதைப் பிடிக்க இரண்டு மல்டிமீட்டரும் ஒரு டி.சி. கிளாம்ப் மீட்டரும் வேண்டும். வீட்டு வயரிங் பார்க்கும் பலரிடம் இருப்பது ஏ.சி. கிளாம்ப். அதை டி.சி. கேபிளில் மாட்டினால் கரண்ட் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பி நல்ல பேனலைக் கழற்றிப்போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

காலைக் கோளாறு முதலில். தூத்துக்குடியில் கடலோரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. நான்கு டியூப்ளர் பேட்டரி, நான்கையும் மாற்றவேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நேரம் கேட்டேன். எட்டு மணிக்கு ஒழுங்காக ஏறுகிறது, ஒன்பதரைக்கு மேல்தான் ஆட ஆரம்பிக்கிறது என்றார். போய் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் ஏற ஏற கரண்ட் 20, 30 என்று ஏறியது. 40 ஆம்பியரைத் தொட்டதும் சட்டென்று விழுந்தது. பிறகு மெல்ல ஏறி, அதே 40-இல் மறுபடி விழுந்தது.

ஒரு மீட்டரைக் கன்ட்ரோலர் முனையிலும் இன்னொன்றைப் பேட்டரி முனையிலும் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். 40 ஆம்பியர் ஓடும்போது கன்ட்ரோலரில் 57.4, பேட்டரியில் 55.6. நடுவில் 1.8 வோல்ட் காணவில்லை. பேட்டரி இன்னும் பசியோடு இருக்க, கன்ட்ரோலர் வயிறு நிறைந்துவிட்டதாக எண்ணிக் கரண்டைக் குறைக்கிறது. கரண்ட் குறைந்தால் நடுவில் தொலையும் வோல்டேஜும் குறையும். உடனே, இன்னும் நிறையவில்லையே என்று மறுபடி தள்ளுகிறது. ஆட்டம் இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்து, தொலைந்த வோல்டேஜ் எங்கே என்று தேடவேண்டும். மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் கம்பியை வைத்துக்கொண்டே போவேன். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். அந்த வீட்டில் கேபிள்கள் முழுக்கச் சேர்த்து 0.2 வோல்ட். நெகட்டிவ் லக்கில் 0.3. பிரேக்கரில் 1.3. நாற்பது ஆம்பியரில் 1.3 வோல்ட் என்றால் 52 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு, அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் காலையிலிருந்து மாலைவரை எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கவாட்டில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

அது ஏ.சி.க்கான பிரேக்கர். நம் வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். டி.சி.க்கு அப்படி ஒரு பூஜ்யம் கிடையாது. பொறி நீண்டு நின்று எரியும். ஒவ்வொரு முறை ஆஃப் செய்யும்போதும் உள்ளேயிருக்கும் தொடுமுனை கொஞ்சம் கொஞ்சமாகக் குழிவிழுந்து போகிறது. டி.சி.க்கென்று செய்த பிரேக்கரை மாட்டினோம். நெகட்டிவ் கேபிளின் நுனியை வெட்டினால் உள்ளே செம்பு இழைகள் கறுத்திருந்தன. உப்புக் காற்று லக்கின் வாய்வழியாக நுழைந்து, உறைக்குள் வெகுதூரம் ஏறிவிடும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனோம். வெள்ளீயம் பூசிய புது லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, முனையைத் துலக்கி முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினோம். வாஸ்லினை முறுக்கிய பின்புதான் தடவவேண்டும். மறுபடி அளந்தபோது 40 ஆம்பியரில் வித்தியாசம் கால் வோல்ட்.

"அப்போ பேட்டரி?" என்று கேட்டார்.

"பேட்டரி நல்லா இருக்கு டீச்சர். அதுக்குச் சாப்பாடு போய்ச் சேரலை, அவ்வளவுதான்" என்றேன்.

உச்சிவெயிலில் குறையும் சார்ஜ் எல்லோரையும் குழப்பும். வெயில் கூடினால் சார்ஜும் கூடவேண்டும்தானே? விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டுத் தோட்ட வீடு ஒன்றில், சித்திரை மாதம் காலை பத்து மணிக்கு வந்த கரண்ட் பன்னிரண்டரைக்கு வரவில்லை. 24 வோல்ட் பேட்டரி. 60 செல் பேனல்களை எல்லாம் பக்கவாட்டில், பேரலலாக, சேர்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட பேனல் அதிகபட்ச சக்தி தரும் வோல்டேஜ் ஏறத்தாழ 30. இது 25 டிகிரியில் சோதித்து ஸ்டிக்கரில் அச்சிட்ட கணக்கு. நம் ஊர் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் வோல்டேஜ் சிறிது சிறிதாக இறங்கி, 30 வோல்ட் 26-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே நேரம் பேட்டரி நிறைய நிறைய 28 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது. ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. தள்ளுவதற்கு இடமே இல்லை. பேனலின் அதிகபட்ச சக்தியைத் தேடி எடுக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்கள் சில, பேனல் வோல்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் அதிகமிருந்தால்தான் வேலையைத் தொடங்கவே செய்யும். மேகம் ஒன்று கடந்து போய் ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி தொடங்கத் தடுமாறும்.

எந்தப் பொருளையும் மாற்றவில்லை. பேனல்களை இரண்டிரண்டாகத் தொடராக இணைத்தோம். கன்ட்ரோலரின் எல்லை 100 வோல்ட். இரண்டு பேனலின் திறந்த வோல்டேஜ் 75-ஐ ஒட்டி வரும், குளிர்ந்த மார்கழிக் காலையிலும் எல்லையைத் தாண்டாது. இந்தக் கணக்கைப் போடாமல் தொடராக இணைத்தால் கன்ட்ரோலர் எரிந்துபோகும். போட்டுவிட்டு இணைத்தோம்; பன்னிரண்டரை மணிக்கும் கரண்ட் ஒழுங்காக வந்தது.

மூன்று மணிக்கு நிற்பது பெரும்பாலும் நிழல். பேனலுக்குள் செல்கள் மூன்று கூட்டமாக இருக்கும். கூட்டத்துக்கு ஒரு பைபாஸ் டையோடு. ஒரு தென்னை ஓலையின் நிழல் விழுந்தாலும் அந்தக் கூட்டம் முழுவதும் ஒதுங்கிக்கொள்ளும். ஓலை காற்றில் ஆட ஆட, கன்ட்ரோலர் எந்த வோல்டேஜில் நின்றால் அதிகம் கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருக்கும். இதில் தென்மாவட்டத்துக்காரர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. கோவில்பட்டி நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே இருக்கிறது. ஆனி மாத நண்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். 2 மீட்டர் உயரத் தொட்டிக்கு நண்பகலிலேயே ஒன்றேகால் மீட்டர் நிழல் வடக்கே நீளும், பிற்பகலில் இன்னும் நீளும். ஆனியில் வந்து இடம் பார்த்தவர் தொட்டிக்கு வடக்கே பேனலை வைத்துவிட்டுப் போவார். ஐப்பசிக்கு மேல் சார்ஜ் குறையும்போது பழி பேட்டரி மேல் விழும்.

இனி லித்தியம். இதில் நிற்கும் நேரம் கடிகாரத்தில் இல்லை, பேட்டரியின் நிறைவில் இருக்கிறது. நாள் முழுவதும் ஒழுங்காக ஏறி, 90 சதவீதத்துக்கு மேல் போனதும் ஆட்டம் ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரில் வோல்டேஜ் சட்டென்று எகிறும், ஓவர் வோல்டேஜ் என்று பிழை காட்டும், சில நிமிடத்தில் தானாகச் சரியாகும், மறுபடி எகிறும்.

வீடுகளுக்கு வரும் 48 வோல்ட் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை. உள்ளே 16 செல்கள் தொடராக இருக்கும். காவலாக உட்கார்ந்திருப்பது பி.எம்.எஸ். என்ற சர்க்யூட். எந்த ஒரு செல்லும் 3.65 வோல்ட்டைத் தாண்டவிடாமல் பார்ப்பது அதன் முக்கிய வேலை. திருநெல்வேலியில் ஒரு வீட்டில் அந்த வீட்டுப் பையன் போனிலேயே பி.எம்.எஸ். செயலியைத் திறந்து காட்டினான். பதினைந்து செல்கள் 3.42 வோல்ட். ஒன்று மட்டும் 3.66. கூட்டினால் 54.96. இன்வெர்ட்டரில் வைத்திருந்த இலக்கு 57.6, ஈய பேட்டரிக்கான அளவை அப்படியே விட்டிருந்தார்கள். இலக்கு இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று இன்வெர்ட்டர் முழுக் கரண்டைத் தள்ள, முந்திக்கொண்ட அந்த ஒரு செல்லுக்காக பி.எம்.எஸ். கதவைச் சாத்துகிறது. பாய்ந்து வந்த கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறுகிறது. செல் கொஞ்சம் தணிந்ததும் கதவு திறக்கிறது. மறுபடி அதே கதை.

பேட்டரியைத் திருப்பி அனுப்பத் தயாராக இருந்தார்கள். செல்களின் நிறைவில் இருந்த ஏற்றத்தாழ்வுதான் அங்கே பிரச்சினை. பி.எம்.எஸ்.ஸுக்குள் சமன் செய்யும் ஏற்பாடு உண்டு. முந்திய செல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை எரித்துவிடும். ஆனால் 100 மில்லிஆம்பியர் அளவில்தான் எரிக்கும். ஒரு செல் 4 ஆம்பியர்-மணி முந்தியிருந்தால், சமனாக 40 மணி நேரம் வேண்டும். அதுவும் செல் வோல்டேஜ் உயரத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் நடக்கும். கதவு மூடித் திறந்துகொண்டிருந்தால் அந்த நேரம் கிடைக்காது.

இலக்கை 54 வோல்ட்டுக்கு இறக்கினோம், சார்ஜ் கரண்டையும் 20 ஆம்பியருக்குக் குறைத்தோம். முந்திய செல் 3.5-ஐ ஒட்டி நிற்க, கதவு மூடவில்லை. சமன் செய்யும் வேலை தினமும் மணிக்கணக்கில் நடந்தது. சில நாள் கழித்து இலக்கை ஒரு படி ஏற்றச் சொன்னேன், பிறகு இன்னொரு படி. கடைசியில் 55.2-இல், அதாவது செல்லுக்கு 3.45-இல், நிறுத்தினோம். பதினாறு செல்லும் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிட்டன. செலவு எதுவுமில்லை, பொறுமை மட்டும் வேண்டியிருந்தது. இப்படிச் சில வாரம் விட்டும் ஒரு செல் மட்டும் முதலில் எகிறி, இரவில் முதலில் இறங்கவும் செய்தால், அந்தச் செல் கொள்ளளவு இழந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது உத்தரவாதத்தைக் கேட்கலாம்.

நேரமே இல்லாமல் நிற்பதும் உண்டு. மிக்சி போட்டால், மோட்டார் போட்டால், சும்மா இருக்கும்போதும்கூட. லித்தியத்தில் அப்படி நடந்தால் பி.எம்.எஸ்.ஸையும் இன்வெர்ட்டரையும் பேசவைக்கும் மெல்லிய கேபிளை முதலில் பார்ப்பேன். நெட்வொர்க் கேபிளைப் போலவே இருக்கும், எந்தத் துளையிலும் பொருந்தும். ஆனால் உள்ளே எந்தக் கம்பி எந்த வேலைக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொருந்திவிட்டது என்பதால் பேசிவிடாது. பேசும் மொழியையும் இரு பக்கமும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும்.

உண்மையிலேயே பேட்டரி போன வீடுகளும் இருக்கின்றன; அங்கே கோளாறு மாலையில் தெரியும். பகலில் சீக்கிரமே நிறைந்துவிட்டதாகக் காட்டும், விளக்கு போட்ட ஒரு மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தும். பெரும்பாலும் நான்கு ஈய பேட்டரியில் பழசு ஒன்றும் புதுசு மூன்றுமாகக் கலந்திருப்பார்கள். மொத்தம் 57.6 இருக்கும், தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஒன்றில் 15.4, மற்ற மூன்றிலும் 14-ஐ ஒட்டி. சல்பேட் படிந்த பழைய பேட்டரி வோல்டேஜைத் தானே விழுங்கிக்கொள்ள, புதிய மூன்றும் அரைப்பட்டினி. இங்கே ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. நிறைந்த சோலார் டியூப்ளரில் ஆசிட்டின் அடர்த்தி 1.240 அளவில் நிற்கவேண்டும். ஆறு செல்லில் ஐந்து 1.220 காட்டி, ஒன்று 1.120-இல் மூழ்கினால் அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் இல்லை. கலப்பதை நான் எந்த வீட்டுக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஈய பேட்டரியைக் கொல்லும் இன்னொன்று, கழன்று தொங்கும் வெப்ப உணரி. 25 டிகிரியில் 57.6 சரி, 40 டிகிரி அறையில் செல்லுக்கு, டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் வீதம் குறைத்தால் 56.2 போதும். உணரி பேட்டரியில் ஒட்டியிருந்தால்தான் கன்ட்ரோலர் இதைச் செய்யும். மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் கேன் கேனாகக் காலியாகிறது என்றால் இதைப் பாருங்கள்.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. 48 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் தொடவேண்டும். நிறுத்தும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. கொடுக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். வெயில் அடிக்கும்போது எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கக்கூடாது. இவற்றில் பழக்கமில்லாதவர்கள் அளக்கவும் முறுக்கவும் முயலவேண்டாம். பார்ப்பதையும் எழுதி வைப்பதையும் மட்டும் செய்தால் போதும்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்: மணி, வோல்ட், ஆம்பியர், வெயிலா மேகமா. பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம், கரண்ட் ஓடும்போது கன்ட்ரோலர் முனையிலும் பேட்டரி முனையிலும் ஒரே நேரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். லித்தியம் என்றால் பதினாறு செல்லின் வோல்டேஜையும், ஈய பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரையும் காட்டச் சொல்லுங்கள். இந்த எண்களைக் காட்டாமல் பேட்டரியை மாற்றச் சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.